அன்னிக்கு ராத்திரியே கழுவணும்

போன வாரம் டெக்ஸாஸ்ல இருக்கற அக்கா மகன் வீடியோ கால் போட்டான். கையில ஒரு ரிவால்வர். 1851-ல கோல்ட் கம்பெனி செஞ்ச மாடலோட நகலாம். கருமருந்து போட்டுச் சுடறது. அங்கே அதுக்கு மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லையாம்.

"மாமா, பத்துப் பன்னெண்டு தடவை சுட்டா உருளை சுத்த மாட்டேங்குது. தாத்தா துப்பாக்கியை நீங்கதானே துடைப்பீங்க?"

"மொதல்ல உள்ள மருந்து, குண்டு, கேப்பு எதுவும் இல்லையே மாப்ள?"

"எல்லாம் காலி மாமா."

"எண்ணெய் விட்டியா?"

"மெஷின் ஆயில் விட்டேன்."

சிரிச்சுட்டேன். நானும் பண்ண தப்புதான் அது.

பென்னாகரம் பக்கம் காட்டோரம் எங்க நிலம். அப்பாகிட்ட லைசென்ஸ் துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கறது. 1959 ஆயுதச் சட்டத்துல பயிர்க் காவலுக்குன்னே அந்த மாதிரித் துப்பாக்கியைச் சொல்லியிருக்கு. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு அப்புறம் வாங்கிக்கணும். அப்பா பன்னியைச் சுட மாட்டார். வெறும் மருந்து போட்டுச் சத்தம் காட்டுவார், அவ்வளவுதான்.

கருமருந்து எரிஞ்சா கரியும் உப்பும் உள்ளேயே தங்கிடும். அந்த உப்பு காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். ஒரே ராத்திரியில துரு பிடிக்கும். எண்ணெய் பட்டா கரி தாரு மாதிரி இறுகிடும். சுடுதண்ணிதான் அதைக் கரைக்கும். "அன்னிக்கு ராத்திரியே கழுவணும்"னு அப்பா சொல்லிட்டே இருப்பார்.

நான் பத்தாவது முடிச்ச வருசம். ஐப்பசி மழை. தூக்கக் கலக்கத்துல தண்ணி காய வைக்கச் சோம்பல் பட்டு, எண்ணெய்த் துணியால துடைச்சு மாட்டிட்டேன். மூணாம் நாள் கூட்டமா பன்னி எறங்குச்சு. அப்பா விசையை இழுத்தார். 'டக்'னு குதிரை விழுந்துச்சு, வெடிக்கல. மறு கேப்பு மாட்டினார். அதுவும் வீண். கேப்புத் தீ உள்ள போற துளை அடைச்சுப் போயிருந்துச்சு. விடியறதுக்குள்ள அரை ஏக்கர் கடலை போச்சு. அப்பா என்னைத் திட்டல. துப்பாக்கியை எடுத்துட்டுப் போய் அடுப்புல தண்ணி வச்சார்.

அதைத்தான் மாப்ளைக்குச் சொன்னேன். உருளையைக் கழட்டு, அதையும் அது சுத்தற அச்சையும் சோப்புப் போட்டுச் சுடுதண்ணியில கழுவு, ஈரம் போகக் காய வை, அச்சுல கொழுப்புத் தடவி மாட்டு. ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டான். வெடிச்ச கேப்புத் துண்டு ஒண்ணும் குதிரைக்கு முன்னாடி இடுக்குல கிடந்துச்சாம். குழலைப் பிடிக்கற ஆப்பையும் ரொம்ப அடிச்சு இறக்கியிருக்கான். குழல் உருளையில உரசியிருக்கு. இது ரெண்டும் எனக்குத் தெரியாத விஷயம். எங்க துப்பாக்கியில உருளை ஏது?

அப்பா போனப்புறம் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டோம். இப்ப வரப்புல பழைய சேலைதான் கட்டறேன்.

ஃபோன்ல உருளையைச் சுத்திக் காட்டினான். சுட்டா என்னிக்குக் கழுவறேன்னு கேட்டேன்.

"அன்னிக்கு ராத்திரியே மாமா."