முறுக்கின் அளவு

பஞ்சர் கடையொன்றில் காற்றுத் துப்பாக்கியால் மட்டுமீறி முறுக்கியதில், 18 ஆண்டுகள் ஓடிய எங்கள் ஜீப்பின் பின்சக்கரத்து 5 போல்ட்டுகளில் 2 ஒடிந்துபோயின. அம்மாவை வாரம் 2 முறை டயாலிசிஸுக்கு ஏற்றிச் செல்லும் வண்டி. ஐந்தையும் நானே மாற்றத் துணிந்தேன்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னச்சை ஸ்டாண்டில் நிறுத்தி, கைபிரேக்கை விடுவித்து டிரம்மைக் கழற்றினேன். பழையவை சுத்தியல் அடிக்குப் பின்புறமாக வெளியேறின. புதியவற்றைப் பின்னிருந்து நுழைத்து, முன்புறம் வாஷர்களை அடுக்கி நட்டை முறுக்க, தலையடியிலுள்ள வரிப்பற்கள் ஹப்பைக் கடித்து அமர்ந்தன.

முறுக்கும்போது போல்ட் மயிரிழையளவு நீள்கிறது. மீண்டும் சுருங்க முனையும் அவ்விசையே சக்கரத்தை ஹப்போடு பிணைக்கிறது. அளவு மீறினால் இரும்பு மீளும் தன்மையை இழக்கிறது. பிறகு இறுக்கமும் இல்லை, ஆயுளும் இல்லை. ஆகவே டார்க் ஸ்பேனரால், எதிரெதிராக, அளவறிந்து முறுக்கினேன். 80 கி.மீ. ஓடியபின் மீண்டும் சோதித்தபோது, ஒரு நட் மட்டும் சற்றே ஏறியது.