பல்லாவரம் சந்தையில் வாத்துக்குஞ்சு வாங்கப் போறீங்களா?

வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் ரயில் நிலையத்தில் இறங்கினால், சந்தைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. காலிப் பைகளுடன் நடக்கும் கூட்டத்தின் பின்னாலேயே போனால் போதும். பழைய டிரங்க் ரோட்டில் பழைய மிக்ஸி, சைக்கிள் டயர், டி.வி ரிமோட், ரோஜாச்செடி என வீட்டுக்குத் தேவையானதும் தேவையில்லாததும் விரிந்து கிடக்கும். தலைக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு விமானங்கள் தாழப் பறக்கும். பேரம் பேசுகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆனால், குழந்தைகளோடு வருகிறவர்கள் அவ்வளவு எளிதில் தாண்ட முடியாத இடம் ஒன்று உண்டு. புறா, முயல், லவ் பேர்ட்ஸ் கூண்டுகளுக்கு நடுவே, அட்டைப்பெட்டியில் மஞ்சள் பஞ்சு உருண்டைகளாக வாத்துக்குஞ்சுகள்!

நாம் போன அன்று, ஐந்து வயது இருக்கும் ஒரு சிறுமி பெட்டியைவிட்டு நகரவே இல்லை. "ஒண்ணே ஒண்ணும்மா..."

"அண்ணா, வீட்ல டப்புல தண்ணி வெச்சு விட்டா நீந்துமா?" என்றார் அம்மா.

"நீந்தும்க்கா. ஆனா இப்பவே விட்டுடாதீங்க, குளிர்ல செத்துடும். வாங்கினா ரெண்டா வாங்குங்க. ஒத்தையா இருந்தா கத்திக்கிட்டே இருக்கும்."

வியாபாரப் பேச்சு போலத் தோன்றினாலும் இரண்டுமே உண்மை. தாயோடு வளரும் குஞ்சுக்கு, தாயின் இறகிலிருந்து எண்ணெய்ப்பசை கிடைக்கும். அதனால் உடல் நனையாது. சந்தையில் வாங்கும் குஞ்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முதல் சில வாரங்களுக்கு, மூக்கு நனையும் ஆழத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும். வாத்து கூட்டமாக வாழும் பறவை என்பதால் துணையும் அவசியம்.

வீட்டுக்கு வந்த பிறகு...

* முதல் வாரம் குஞ்சுகளுக்குச் சுமார் 32 டிகிரி வெப்பம் தேவை. ஏ.சி அறையும் ஃபேனுக்கு நேர் கீழேயும் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டால் குளிர்கிறது. வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

* செய்தித்தாளை விரிக்காதீர்கள். வழுக்கி, கால்கள் அகன்றுவிடும். பழைய துண்டு நல்லது.

* பிரெட், பிஸ்கட், பால் வேண்டாம். கோழிக்குஞ்சுத் தீவனம் கொடுக்கலாம். ஆனால், கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற பி வைட்டமின் அதிகம் தேவை. குறைந்தால் கால் பலவீனமாகும். கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். தீவனத்தின் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும்.

* பால்கனியிலோ மொட்டைமாடியிலோ தனியாக விடாதீர்கள். காக்கையும் பூனையும் காத்திருக்கும்.

குழந்தைகள் கவனம்!

பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு அது காய்ச்சலையும் கடும் வயிற்றுப்போக்கையும் தரும். ஐந்து வயதுக்குள் இருப்பவர்கள் தொடாமல் பார்த்து ரசிக்கட்டும். பெரிய பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, இரு கைகளாலும் அடியில் தாங்கிப் பிடிக்கட்டும். முத்தம் கூடாது. தொட்டவுடன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சுகளின் கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவவே கூடாது.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். ஆனால், அந்த அம்மா கடைசியாகக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. "எவ்ளோ பெருசாகும்ண்ணா?"

கடைக்காரர் பக்கத்துக் கூண்டைக் காட்டினார். கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது, முழுதாக வளர்ந்த வெள்ளை வாத்து. சிறுமி அதையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவும் மகளும் அன்று ரோஜாச்செடியோடு கிளம்பினார்கள்.

மஞ்சள் பஞ்சு போய் இறகு முளைக்க இரண்டு மாதம்கூட முழுதாக ஆகாது. அதன்பிறகு பல ஆண்டுகள் வாழும். எச்சம் தண்ணீராக இருக்கும், ஒரு நாளைக்குப் பலமுறை போகும். 'பெருசானா பல்லாவரம் பெரிய ஏரியில விட்டுடலாம்' என்று நினைத்தால், அது நாய்க்கு இரையாகத்தான் வாய்ப்பு அதிகம். வீட்டில் வளர்ந்த வாத்துக்குத் தானாக இரை தேடவும் தெரியாது, ஆபத்து வந்தால் பறந்து தப்பவும் முடியாது.

வாத்தின் இடம் ஈர நிலம். அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில் இறங்கி, சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் அவை மேய்வதை ஆரணி பக்கம் போனால் பார்க்கலாம். பின்னால் நீண்ட குச்சியோடு வாத்து மேய்ப்பவர் நடந்து வருவார்.

உங்கள் வீட்டில் மண் தரையும், நிழலும், இரவில் அடைக்கக் கூண்டும் இருந்தால் இரண்டு குஞ்சுகளைத் தாராளமாக வாங்குங்கள். இரண்டாவது மாடி ஃப்ளாட் என்றால், அறுவடை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஆரணிப் பக்கம் அழைத்துப் போங்கள். வாத்து வாத்தாக இருப்பதை அங்கே பார்க்கட்டும்!