உப்புப் படகு போன வழி



போன வருஷம் ஆங்கில வகுப்பில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பிடித்த ஊர் ஒன்றுக்குப் பயணத் திட்டம் தயாரித்து, வகுப்பில் எல்லார் முன்னாடியும் நின்று பேச வேண்டும். பாதிப்பேர் ஊட்டி, மீதிப்பேர் கொடைக்கானல். நான் கொஞ்சம் பெரிசாகவே ஆசைப்பட்டேன். எகிப்து! நைல் நதியில் பாய்மரப் படகு! காசா பணமா, காகிதத்தில்தானே போகிறோம்?

நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அஸ்வானில் படகு ஏற வேண்டும். கோம் ஓம்போ கோயில், எட்ஃபு கோயில், கடைசியில் லக்ஸர், கர்னாக். அந்தப் படகுக்குப் பெயர் ஃபெலுக்கா. எஞ்சின் கிடையாது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே அடிக்கிறது. அதனால் வடக்கே போக வேண்டுமானால் தண்ணீரே இழுத்துக்கொண்டு போகும். தெற்கே திரும்ப வேண்டுமானால் பாயை விரித்தால் போதும். அந்தக் காலத்து எகிப்தியரின் சித்திர எழுத்தில் தெற்கே போவதற்குப் பாய் விரித்த படகையும், வடக்கே போவதற்குப் பாய் இல்லாத படகையும் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கினேன். அந்தப் பெருமையில் சனிக்கிழமை ஊருக்குப் போனதும் தாத்தாவுக்கும் படித்துக் காட்டினேன். கதையே அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் ஊர் மரக்காணத்துக்குப் பக்கம். அப்பா உப்பளத் தொழிலாளி. எங்க வீட்ல பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வாரம் முழுக்கத் திண்டிவனத்தில் அத்தை வீட்டில் தங்கி, விழுப்புரத்துக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து சிவில் படிக்கிறேன். தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியாது. பேங்கிலும் ரேஷன் கடையிலும் கைநாட்டுதான்.

திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெரர் என்பவரைப் பற்றிய பகுதி வந்ததும் கண்ணைத் திறந்தார். மெரர் ஒரு படகுக் கூட்டத்துக்கு மேஸ்திரி மாதிரி. சுமார் 4,500 வருஷத்துக்கு முன்னால், கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்காகத் துரா என்ற இடத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி நைல் வழியாகக் கீசாவுக்குக் கொண்டுபோனவர். எந்த நாள் எங்கே இருந்தோம், என்ன ஏற்றினோம் என்று பாப்பிரஸ் தாளில் அவர் எழுதி வைத்த கணக்கு, 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் கிடைத்தது.

"கல்லு ஏத்திக்கினு போனவன் கணக்கு எழுதி வச்சிருக்கானா?"

"ஆமா தாத்தா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நாங்களும்தான் உப்பு ஏத்திக்கினு போனோம். மரக்காணத்துலேந்து மெட்ராஸ் வரைக்கும். யாரு எழுதி வச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா படகில் வேலை செய்தவர் என்று தெரியும். ஆனால் மூவாயிரம் மைலுக்கு அப்பால் ஓடும் நதியைப் பற்றி ஒரு வாரம் படித்த நான், எங்கள் ஊரில் ஆரம்பிக்கும் கால்வாயைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். நைல் காகிதத்தோடு இருக்கட்டும். நம்ம கால்வாயில் மரக்காணத்திலிருந்து மாமல்லபுரம் வரை படகில் போவோம்!

போட்ட திட்டம்

சிவில் பிரிவில் மூன்று நண்பர்கள் உடனே சேர்ந்துகொண்டார்கள். தகவல் திரட்டினோம்.

பக்கிங்காம் கால்வாய் வெட்ட ஆரம்பித்தது 1806இல். முதல் பகுதி சென்னையிலிருந்து எண்ணூர் வரை. தாது வருஷப் பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் தவித்த ஜனங்களை வைத்து 1877-78இல் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. தெற்கே கால்வாய் முடிகிற இடம் மரக்காணம். சென்னையிலிருந்து அதுவரை 110 கிலோமீட்டர். பாவேந்தர் பாரதிதாசன் சென்னையிலிருந்து இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார்.

வழியில் பார்க்க வேண்டிய இடங்கள் நைலுக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை. மரக்காணத்தில் சோழர் கல்வெட்டுகள் உள்ள பூமீஸ்வரர் கோயில். ஆலம்பரையில் கடலோரக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் துய்ப்ளே கைக்கு வந்தது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது, நாணயச் சாலை இருந்த இடம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. முடிவில் பல்லவர்களின் மாமல்லபுரம்.

ஒரு நண்பன் சிறுபாணாற்றுப்படையையும் எடுத்து வந்தான். அதுவே ஒரு பயணத் திட்டம்தான் என்றான். நிஜம்தான்! ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்குப் புலவர் நத்தத்தனார் வழி சொல்கிறார். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில். எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுகூட உண்டு: முதல் ஊரில் சுட்ட மீன், கடைசிக்கு முந்தின ஊரில் சோறும் நண்டும். எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என்கிறார்கள். கிடங்கில் என்பது திண்டிவனத்தில் இன்றைக்கும் இருக்கும் கிடங்கல். என் அத்தை வீடு அங்கேதான்! அதாவது, பாணன் போன வழியில்தான் நான் வாராவாரம் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறேன். அந்தப் பாட்டில் இன்னொரு சேதி. எயிற்பட்டினத்துக் கரையில் அலை கொண்டுவந்து போட்ட வாசனைக் கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவது போல் கிடந்தனவாம். எகிப்துக்கு நான் போகவில்லை என்றாலும் ஒட்டகம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது.

பொங்கல் லீவு, மூன்று நாள், ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 20. படகு வாடகை, சாப்பாடு எல்லாம் கணக்குப் போட்டுச் சார்ட் பேப்பரில் கலர் கலராக வரைந்து தாத்தா முன்னால் விரித்தேன்.

தாத்தா போட்ட மார்க்

ஒரு நிமிஷம் பார்த்தார். "இன்னா மாசம் போறீங்க?"

"தை, தாத்தா."

சிரித்துவிட்டார். "தை மாசம் வாடைக் காத்து. வடக்கேந்து மூஞ்சியில அடிக்கும். அதுல பாய் கட்டிக்கினு வடக்கேயே போறியா? மாசி பங்குனியில தென்னங்காத்து எழும்பும். அப்பதான் பாய் புடிக்கும். மத்த நாள்ல கயிறுதான்."

கயிறு என்றால்? ஒருத்தன் கரையில் நடந்து படகைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். இன்னொருத்தன் படகில் நின்று மூங்கில் கழியால் ஊன்றித் தள்ள வேண்டும். தோளில் கயிறு அழுத்திய இடத்தைக் காட்டினார். எலும்பு மேட்டில் தோல் இன்னமும் கெட்டியாக இருக்கிறது. இத்தனை வருஷம் அது உப்பு மூட்டை சுமந்த காய்ப்பு என்றே நினைத்திருந்தேன்.

"சரி, தண்ணி?"

"கால்வாய் பூரா தண்ணிதானே தாத்தா?"

"அது உப்புத் தண்ணிடா. குடிக்க?" ஓரத்து மணலில் எங்கெங்கே ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று ஒவ்வோர் இடமாகச் சொன்னார். கடல் ஏறும்போது முகத்துவாரங்கள் வழியாகக் கால்வாயிலும் தண்ணீர் ஏறும், வடியும்போது வடியும். அந்த நேரம் தப்பினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும் என்றார். நைலுக்குக் காற்றும் ஓட்டமும் பார்த்துப் பார்த்து எழுதினவன், சொந்த ஊர்க் காற்றைக் கேட்காமல் திட்டம் போட்டிருக்கிறேன். ஆங்கில வகுப்பில் ஒன்பது. தாத்தா வகுப்பில் முட்டை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் கால்வாய்க் கரையில் நடந்து பார்த்தோம். ஐந்து கிலோமீட்டர்கூடப் போக முடியவில்லை. ஓரிடத்தில் இடுப்பளவு தண்ணீர், ஓரிடத்தில் முழங்கால் அளவு சேறு, இன்னோரிடத்தில் முள்செடி மூடிக் கால்வாயே தெரியவில்லை. 1965-66இலும் 1976இலும் அடித்த புயல்களில் கால்வாய் பழுதாகிப் போக்குவரத்து படுத்துவிட்டது. 2008இல் இதைத் தேசிய நீர்வழி எண் 4இல் சேர்த்தார்கள். எண் வந்தது, நாங்கள் நடந்த இடத்தில் படகு வரவில்லை.

வீட்டிலும் புயல். மழைக்காலம் முழுக்க உப்பளத்தில் வேலை இருக்காது. தை பிறந்துதான் பாத்தி கட்ட ஆரம்பிப்பார்கள். கையில் காசு இல்லாத அந்த நேரத்தில் நான் படகு வாடகை கேட்டால்? "படிக்க அனுப்புனா படகு விடறேங்கிறான்" என்று அப்பா எரிந்து விழுந்தார். அவர் மேல் தப்பில்லை. பரீட்சை ஃபீஸ் கட்டவே அம்மா தோட்டை அடகு வைத்த வீடு அது.

திட்டத்தைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது தாத்தா யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "நானும் மாபலிபுரத்தப் பாத்ததில்ல."

"அந்த வழியாத்தானே தாத்தா நூறு தடவை போயிருக்க?"

"போனேன். ராத்திரி லைட்ஹவுஸ் வெளக்கு தெரியும். மாபலிபுரம் வந்துட்டுதுன்னு சொல்லிக்குவோம். எறங்கிப் பாக்க ஏது நேரம்? தண்ணி ஏறி இருக்கும்போதே தாண்டணும். உப்பு நனைஞ்சா கூலி போச்சு."

அம்மா எழுந்து போய் அரிசிப் பானைக்குள்ளிருந்து சீட்டுப் பணத்தில் 1,500 ரூபாய் எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "படகோ பஸ்ஸோ, மாமாவ அழைச்சிக்கினு போய்ட்டு வா." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தாத்தாவின் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டு வந்தார்.

போன பயணம்

மாசியில் ஒரு சனிக்கிழமை. நாங்கள் நால்வர், தாத்தா ஐந்தாவது. பூமீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தோம். கடப்பாக்கத்தில் இறங்கி ஆலம்பரைக் கோட்டை. இடிந்த செங்கல் சுவருக்குப் பின்னால் உப்பங்கழி. அங்கே ஒரு மீனவ அண்ணனிடம் பேசி, அரைமணி நேரம் படகில் ஏறினோம். தாத்தா சொன்ன தென்னங்காற்று முதுகில் அடித்தது.

அந்த அண்ணன் கழி ஊன்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த தாத்தா, "கொஞ்சம் குடு தம்பி" என்று கையை நீட்டினார். எனக்குப் பயம். நடக்கவே என் தோளைப் பிடிப்பவர், ஆடுகிற படகில் எழுந்து நிற்கிறார்! ஆனால் கழி கைக்கு வந்ததும் கால் தானாக அகன்றுகொண்டது. நாலு ஊன்று ஊன்றினார். படகு நேராகப் போனது. "மறக்கல" என்று சொல்லிக் கழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அறுபது கிலோமீட்டருக்குப் போட்ட திட்டத்தில் நாங்கள் தண்ணீர் மேல் போனது அவ்வளவுதான்.

பொழுது சாய நேரம் இல்லாததால் சதுரங்கப்பட்டினத்தை பஸ்ஸிலிருந்தே பார்த்து, மத்தியானத்துக்கு மேல் மாமல்லபுரம் சேர்ந்தோம். ஆளுக்கு 40 ரூபாய் டிக்கெட். ஐந்து ரதங்கள் முன்னால் தாத்தா நெடுநேரம் நின்றார்.

"இம்மாம் கல்ல எப்படிடா ஏத்திக்கினு வந்தாங்க?"

"ஏத்தலை தாத்தா. இங்கேயே இருந்த பாறைய மேலேந்து கீழ செதுக்கிக்கிட்டே வந்திருக்காங்க. ஏழாம் நூற்றாண்டு."

"அப்ப சொமக்கற வேலையே இல்ல. புத்திசாலிங்க!" என்று சிரித்தார். அப்புறம், "செதுக்குனவன் பேரு போட்டிருக்கா?"

இதற்கு மட்டும் நான் தயாராக வந்திருந்தேன். மேற்கே பூஞ்சேரியில் ஒரு பாறையில் பழைய எழுத்தில் சிற்பிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. நூலகத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். ஆட்டோவில் போனோம். கல்லில் இருந்ததை என்னால் படிக்க முடியவில்லை. நோட்டைப் பார்த்துத்தான் படித்தேன். கேவாத பெருந்தச்சன். குணமல்லன். கொல்லன் சேமகன். தாத்தா அந்த எழுத்துகள் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கைநாட்டு வைக்கிற அதே பெருவிரல்.

திரும்பும்போது கால்வாய்ப் பாலத்தில் நிறுத்தச் சொன்னார். கீழே ஆகாயத்தாமரை. கிழக்கே லைட்ஹவுஸ். "இங்கேந்து பாத்தா அப்படியே இருக்கு" என்றார்.

அன்று ராத்திரி பஸ்ஸிலேயே என் சர்வே ஃபீல்டு புக்கின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். சுமை, ஏற்றிய இடம், இறக்கிய இடம், காற்று, தண்ணீர். தாத்தா சொல்லச் சொல்ல எழுதினேன். போகும்போது உப்பு, சவுக்குக் கட்டை. வரும்போது பெரும்பாலும் காலிப் படகு. ஊற்றுத் தண்ணீர் கிடைத்த இடங்கள் ஏழு. மரக்காணம் வருவதற்குள் நான்கு பக்கம் நிறைந்துவிட்டது.

பெயர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. "உன் பேரைப் போடட்டுமா தாத்தா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

"படகு இழுத்தவங்கன்னு போடு. எல்லாருக்கும் சேரட்டும்."

அப்படியே போட்டேன்.