படிக்க மட்டும்

மொழியியல் துறை ஒன்றின் ஆய்வகத்தில், களப்பணியில் சேர்ந்த ஒலிப்பதிவுகளைப் பொதுவில் வைக்கும் பொறுப்பு ஓர் ஆய்வு மாணவரிடம் வந்து சேர்ந்தது. பேசியவர்களின் பேரப்பிள்ளைகள்கூடக் கணக்குத் தொடங்காமல் அவற்றைக் கேட்க வேண்டும். எவரும் எதையும் மாற்றவோ சேர்க்கவோ கூடாது.

அதற்கு அவர் பழைய வழியையே தேர்ந்தார். கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று எம்.ஐ.டி. சென்ற அபய் பூஷண். ‘அனானிமஸ்’ என்ற பொதுப் பயனர்பெயர் அந்நெறிமுறையை ஒட்டிப் பின்னர் வளர்ந்த வழக்கம். கடவுச்சொல்லாக மின்னஞ்சல் முகவரியைத் தருவது வருபவரின் மரியாதை மட்டுமே.

வழங்கி மென்பொருளில் இரண்டு வரிகள் போதும் என்று தோன்றும்: பெயரிலி நுழைவுக்கு ‘யெஸ்’, எழுதும் உரிமைக்கு ‘நோ’. ஆனால் அந்த ‘நோ’வை நாளை எவரேனும் கவனமின்றி மாற்றிவிடக்கூடும். எழுதவும் படிக்கவும் ஒருசேரத் திறந்துகிடந்த பொது அடைவுகள் பல, 1990களில் திருட்டு மென்பொருள் கைமாறும் இடங்களாயின. ஆகவே இயங்குதளத்திலும் ஒரு பூட்டு இடப்பட்டது: உடைமை நிர்வாகியிடம், அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644. உடையவர் எழுதலாம், பிறர் படிக்க மட்டுமே.

பிறகு வேறொரு கணினியிலிருந்து பெயரிலியாக நுழைந்து, ஒரு வெற்றுக் கோப்பை ஏற்றிப் பார்த்தார். 550 என்ற மறுப்பு வந்தது. அம்மறுப்புக்காகத்தான் அத்தனை உழைப்பும்.

பதிவிறக்கத்தையும் சோதிக்க ஒரு கதைப் பதிவை எடுத்து இறுதிவரை கேட்டார். கதை முடிந்த பின்னும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. மகனின் கடனைப் பற்றியும், மருமகள் பிறந்தகம் போய்விட்டதைப் பற்றியும் மூதாட்டி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். கதையைப் பகிர அவர் இசைந்திருந்தார். இதற்கும் இசைந்தாரா?

எழுதத் தடை கோப்பைக் காக்கும், பேசியவரைக் காக்காது. 644இன் கடைசி நான்கு, உலகத்தார் அனைவருக்கும் தரப்படும் படிக்கும் உரிமை. அதைத் தர வேண்டியவர் நிர்வாகி அல்லர், அந்த மூதாட்டி.

அன்று மாலையே அப்பதிவு பொது அடைவிலிருந்து அகற்றப்பட்டது. மற்றவை ஒவ்வொன்றும் கடைசி நொடிவரை கேட்கப்பட்ட பின்னரே உள்ளே வைக்கப்பட்டன. வழங்கியை அமைக்க ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது; கேட்டு முடிக்க மூன்று வாரங்கள் ஆயின.