பந்து போடும் பொறியும் நாங்களும்

பூப்பந்து என்றதும் பூவைப் போல மெல்ல வந்து விழும் பந்து என்று எண்ணிவிடாதீர்கள்! மஞ்சள் கம்பளி நூலால் ஆன அப்பந்தின் எடை 30 கிராமுக்குள்தான். ஆயினும் ஓங்கி அடித்தால் கண்ணிமைப்பதற்குள் காலடியில் கிடக்கும். தஞ்சை அரச குடும்பத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் இவ்விளையாட்டில் பந்து தரையைத் தொடலாகாது. ஆகவே வருகிற பந்தை எடுக்கும் பயிற்சிதான் எல்லாம்.

அப்பயிற்சியைத் தந்தவர் எங்கள் உடற்கல்வி மிஸ். மாலைதோறும் இருநூறு பந்துகளாவது அடித்துப் போடுவார். சென்ற ஆண்டு அவருக்குத் தோள்வலி கண்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கவே கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்களுக்கோ பத்தாம் வகுப்பு. "நல்லதாப் போச்சு, மட்டையை மூலையில் வைத்துவிட்டுப் படி" என்ற பேச்சு எங்கள் ஐவர் வீட்டிலும் எழுந்தது.

இப்பக்கத்தில் பொறியியல் படிப்புக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய கலசலிங்கம் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். இராஜபாளையத்தில் 2013 முதல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. எங்கள் பள்ளியில் படித்து, இப்போது பொறியியல் இறுதியாண்டில் இருக்கும் அக்காமார் இருவர் மிஸ்ஸைப் பார்க்க வந்தனர். அவர்களுக்கும் ஒரு செய்முறைத் திட்டம் தேவைப்பட்டது. பந்து போடும் பொறி செய்வதென்று முடிவாயிற்று.

இது புதிய எண்ணமன்று. 1897இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஹின்டன் என்னும் கணித ஆசிரியர் வெடிமருந்தால் பேஸ்பால் பந்தை எறியும் பொறியைச் செய்தார். நல்லவேளை, அக்காமார் அவரைப் பின்பற்றவில்லை! பிரெஞ்சு டென்னிஸ் வீரர் லக்கோஸ்த் 1920களில் கையால் சுற்றும் பொறியொன்றை அமைத்துப் பயிற்சி செய்தாராம்.

எங்கள் பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சக்கரங்கள், எதிரெதிர்த் திசையில் சுழலும். இடைவெளி பந்தைவிடச் சற்றுக் குறைவு. உள்ளே நுழையும் பந்தைக் கவ்வி முன்னே எறியும். சக்கரத்தின் குறுக்களவு 10 செ.மீ. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர். இக்கணக்கை நாங்களே போட்டோம். மேல்சக்கரம் அதிக வேகமாகச் சுழன்றால் பந்து சட்டென்று கீழே இறங்கும்.

சக்கரம் இங்குள்ள லேத் பட்டறையில் கடைந்தது. மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. தொல்லை கொடுத்தது கம்பளி. வழவழப்பான சக்கரத்தில் பந்து வழுக்கியது. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். நூல் பிய்ந்து பந்து அணிற்பிள்ளை வாலாயிற்று. மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் பஞ்சு போன்ற ஸ்பாஞ்சு ஒட்டியதும் ஒழுங்காக வந்தது.

நான்கு நொடிக்கு ஒரு பந்து என்றால் இருநூறு பந்து பதினான்கு நிமிடத்துக்குள் முடியும். பொறுக்கிக் கூடையில் போடும் நேரத்தையும் சேர்த்து அரைமணிதான். இக்கணக்கைக் காட்டித்தான் பெற்றோரிடம் அனுமதி வாங்கினோம்.

ஆனால் பொறிக்குத் தோள் கிடையாது. எதிரில் நிற்பவரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தே பந்து எங்கே வருமென்று அறியவேண்டும். பொறியோடு மட்டும் பழகிய முதல் மாதத்தில் அந்தக் கண் எங்களுக்கு மங்கித்தான் போயிற்று. ஆகையால் வாரத்தில் இரு நாட்கள் பொறிக்கு ஓய்வு; நாங்களே ஒருவருக்கொருவர் அடித்துக்கொள்கிறோம்.

மற்ற நாட்களில் மிஸ் நாற்காலியில் அமர்ந்து இடக்கையால் வேகத் திருகியைச் சொல்லாமல் கொள்ளாமல் திருப்புகிறார். ஐந்து மணிக்கு அவரே அணைத்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் மூவருக்கும் பஸ் கிடைத்துவிடுகிறது.