ஓடுகிற அடுப்பு

செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. பழக்குலையை மரத்திலேயே கொறித்துத் தின்றுவிடும். அதனால்தான் தோட்டங்களில் கம்பத்து உச்சியில் மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றியிருக்கிறார்கள். கூகைக்குத் தப்பி லயத்துக்குள் நுழையும் எலிக்குச் சோற்றுப்பானையைவிடப் பிடித்தது, அடுப்புக்குப் பின்னால் தொங்கும் ஆரஞ்சு நிற ரப்பர் குழாய்.

"அதுக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும் தம்பி. எதையாச்சும் கடிச்சுத் தேய்க்கணும்ல" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே அவர் பல வருடங்களாகக் கழற்றிப்போட்ட கழிவுகள்: துருப்பிடித்த கிளிப்புகள், வெடித்த ரப்பர் வளையங்கள், உருகிய ரெகுலேட்டர் மூடி. அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு சாண் குழாயை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டிரண்டாகப் பல் பதிந்த தடம். ஓரிடத்தில் மட்டும் ஊசி நுழையும் ஓட்டை. ஈஜோக் பக்கத்துத் தோட்ட வீட்டில் கழற்றியதாம். "இத வச்சு மூணு நேரமும் சமைச்சிருக்காங்க. சன்னல் தொறந்தே இருந்ததால பொழச்சாங்க."

கோலசிலாங்கூர் சுற்றுவட்டாரத்தில் இவரை 'அடுப்பு அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா பால் மரம் வெட்டியவர். இவர் பள்ளியை விட்டதும் கேஸ் லோரியில் ஏறித் தோட்டம் தோட்டமாகத் தோம்பு இறக்கினார். தோம்பை இறக்கிவைத்து ரெகுலேட்டரை மாட்டிக் கொடுக்கும்போது, அடுப்பு எரியவில்லை என்றால் யாராவது பார்க்க வேண்டுமே! அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் இந்தத் தொழில். சான்றிதழ் கிடையாது. கண், மூக்கு, சவர்க்காரத் தண்ணீர் ஆகிய மூன்றுதான் முதலீடு. ஒரு பழைய வேனும் உண்டு.

இந்த வட்டாரத்துச் சமையலறையின் கதையே எரிபொருள் மாறிய கதைதான். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அறிந்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். (பிற்பாடு மலாயா வாழ்க்கையை வைத்து நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கொங்கூர் பரிசும் வாங்கியவர் அவர்.) ஆனாலும் வெகுகாலம் சுற்றிலும் கித்தா மரங்கள் நின்றன. விழுந்த கிளையும் வெட்டிய மரமும் லயத்து அடுப்புக்குப் போயின. கித்தா போய்ச் செம்பனை நிறைந்ததும் விறகு அருகியது. செம்பனை மட்டை அடுப்புக்கு ஆகாது. ஈரம் காயாது, புகைதான் மிச்சம். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் கேஸ் தோம்பு.

இப்போது அந்தத் தோம்புக்குச் சக்கரம் முளைத்திருக்கிறது. பசார் மாலாமில் நிற்கும் உணவு லோரிகள், கோயில் திருவிழாவில் அன்னதானம் போடும் வேன்கள், செகிஞ்சான் வயல்வெளியையும் கடற்கரையையும் பார்க்க வரும் கேம்பர் வேன்கள், எல்லாவற்றிலும் ஓர் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணனின் வருமானத்தில் பெரும்பகுதி இப்போது அங்கிருந்துதான். அவரோடு சில நாள் சுற்றியதில் எனக்கு ஒன்று தெளிவானது. வீட்டு அடுப்புக்குச் செய்த பொருளை அப்படியே வண்டிக்குள் திருகிவிட்டு, வண்டி குலுங்கும் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

குலுங்கலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கோலசிலாங்கூர் கடலோரச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். சதுப்பு மண் அமிழ அமிழத் தார்ச்சாலையே அலை அலையாக இருக்கும். தோட்டத்துச் செம்மண் ரோட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் தினமும் போய்வரும் லோரியில் செப்புக் குழாயின் வளைவுகள் இறுகி, முறுகி, ஒருநாள் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். கிளிப் தளரும். தகரத்தை வெட்டிக் குழாயை நுழைத்த இடத்தில், வெட்டு விளிம்பு ரப்பரை அறுத்துக்கொண்டே இருக்கும்.

தஞ்சோங் காராங் பக்கம் தோசை, வடை போடும் ஓர் அக்காவின் லோரிக்கு அண்ணனோடு போயிருந்தேன். கடை விரிக்க இன்னும் நேரமிருந்தது. அண்ணன் எதையும் பற்றவைக்கவில்லை. முதலில் கீழே படுத்துத் தரையைப் பார்த்தார். பிறகு விரலால் குழாயை நீளவாக்கில் தடவிக்கொண்டே வந்தார். தகர விளிம்பருகே விரல் நின்றது.

"அக்கா, இது எப்ப மாத்துனது?"

"போன தீபாவளிக்குத்தான் தம்பி."

"வீட்டுல இருந்தா ரெண்டு வருசம் தாங்கும். இது ஓடுற அடுப்பு. இதோட வயச ஓடுன தூரத்த வச்சுத்தான் பாக்கணும்."

அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. அப்போதுதான் அண்ணன் தன் கருவியை எடுத்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு பலகையில் 'ப' வடிவத்தைத் தலைகீழாக்கி அடித்தது. நடுவில் பள்ளிக்கூட அடிக்கோல். உள்ளே தண்ணீரோடு கொஞ்சம் ரோஸ் சிராப், கண்ணுக்குத் தெரியட்டும் என்று. அடுப்பின் பர்னர் இணைப்பைக் கழற்றி அதில் மாட்டித் தோம்பைத் திறந்தார். சிவப்புத் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி, இரண்டுக்கும் இடையே சுமார் 28 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் நின்றது. வீட்டு ரெகுலேட்டர் கொடுக்க வேண்டிய அழுத்தம் அதுதான். அமெரிக்காவில் கேம்பர் வண்டி பழுதுபார்ப்பவர்கள் பதினொரு அங்குல நீர்மட்டம் என்று சொல்வதும் இதையேதான். பிறகு தோம்பை மூடினார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கசிவே இல்லாவிட்டால் மட்டம் அசையக் கூடாது. மெல்ல, மிக மெல்ல, சிவப்புக் கோடு நழுவியது. அக்கா ஒன்றும் பேசாமல் பணப்பெட்டியைத் திறந்து குழாய்க்குக் காசு எடுத்தார்.

கசிவு எங்கே என்று சவர்க்காரத் தண்ணீர் சொன்னது. தகர விளிம்பில் நுரை முட்டை முட்டையாக எழும்பியது. புதுக் குழாய் போட்டபோது அந்த ஓட்டைக்குள் பழைய குழாயிலிருந்து வெட்டிப் பிளந்த ஒரு ரப்பர் துண்டைச் சட்டைபோல மாட்டினார். செப்புக் குழாய் வந்த இடத்தில் ஒரு முழு வளையம் சுற்றி விட்டார். அதிர்வை வளையம் வாங்கிக்கொள்ளும், முனை உடையாது. இந்த இரண்டையும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஹை பிரஷர் அடுப்புக்கு இந்தச் சிராப் வித்தை பலிக்காது. தண்ணீர் கூரைக்குப் போய்விடும். பெரிய குவாலி வைத்துப் பொரிக்கும் கடைகளில் அவர் சண்டை போடுவது வேறு விஷயத்துக்கு. வேகமாக எரிக்க எரிக்கத் தோம்பு குளிரும். உள்ளிருக்கும் திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைத் தோம்பின் இரும்பிலிருந்தே உறிஞ்சும். வெளியே வியர்க்கும், சிலசமயம் பனிகூடப் படியும். தீ குறைந்ததும் சிலர் தோம்பைச் சுடுதண்ணீர்ப் பேசினில் இறக்குவார்கள், அல்லது சாய்த்துப் படுக்கவைப்பார்கள். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் போகும். திரவம் ஒரு பங்கு வெளியேறினால் ஆவி சுமார் 250 பங்காக விரியும். அண்ணன் இதைச் சொல்லும்போது மட்டும் குரலை உயர்த்தினார்.

குளிர் நாட்டுக் கேரவன்காரர்களுக்கு நமக்கில்லாத ஒரு கவலை உண்டு. பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் ஆவியாக மறுத்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். அதனால் அவர்கள் புரோப்பேன் தோம்பு தேடுகிறார்கள். நம் தோம்பில் இரண்டும் கலந்திருந்தாலும் நம் வெயிலுக்கு அது போதும். ஆனால் இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாது. தரையோடு ஊர்ந்து, பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும்.

பாசீர் பெனம்பாங்கில் ஓர் இளைஞர் பழைய வேனைக் கேம்பராக மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே மரவேலை பளபளத்தது. கட்டிலுக்குக் கீழே, இழுப்பறைக்குள் தோம்பு. வேனே மூடிய டப்பா. அதற்குள் இன்னொரு டப்பா. "பாஸ், இதுல கசிஞ்சா எங்க போகும்?" என்று அண்ணன் கேட்டார். இளைஞர் சன்னலைக் காட்டினார். அண்ணன் தரையைக் காட்டினார்.

ஐரோப்பாவில் இத்தகைய வண்டிகளுக்கென்றே ஈஎன் 1949 என்ற தரநிலையும், அமெரிக்காவில் என்எஃப்பிஏ 1192-உம் இருக்கின்றன. அவற்றின் சாரத்தை அன்று அண்ணன் அங்கேயே சுண்ணாம்புக் கட்டியால் வரைந்துவிட்டார். தோம்புக்குத் தனி அறை வேண்டும். அதன் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளறைக்கும் அதற்கும் இடையே ஓட்டை இருக்கக் கூடாது. அடியில் தெருவைப் பார்த்துத் திறந்த துவாரம் வேண்டும். தோம்பு நிமிர்ந்து நிற்க, பட்டை போட்டுக் கட்ட வேண்டும். தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் பர்னர் வேண்டும். காற்றில் அணைந்துபோன அடுப்பு இரவெல்லாம் கேஸ் கக்கிக்கொண்டிருக்கக் கூடாது. இளைஞருக்கு அழகான இழுப்பறை போய்விடுகிறதே என்று வருத்தம். அழுதுகொண்டே அறுத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்றையும் அண்ணன் அழுத்திச் சொன்னார். கேம்பருக்குள் குளிராக இருக்கிறது, கொசு கடிக்கிறது என்று எல்லாவற்றையும் மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் வருவது வேறு ஆபத்து. காற்று போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனையே கிடையாது. தலை வலிக்கிறது என்று படுப்பவர் எழுந்திருக்க மாட்டார்.

கேஸுக்கு வாசனை உண்டு. அதுவும் நாமாகச் சேர்த்ததுதான். கசிந்தால் தெரியட்டும் என்று கந்தகம் கலந்த மெர்காப்டன் சேர்க்கிறார்கள். அழுகிய வெங்காயம், முட்டைகோசு வாடை. நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. டுரியான் காலத்தில் எது கேஸ், எது பழம்? சிரிக்க வேண்டாம். 2018 ஏப்ரலில் மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக நூலகத்தில் கேஸ் கசிவு என்று நூற்றுக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். தேடிப் பார்த்தால் அலமாரியில் அழுகிய டுரியான். பாசீர் பெனம்பாங்கில் கருவாட்டு வாடையும் சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு, சிறிது நேரம் முகர்ந்தால் மூக்கு பழகி மரத்துவிடும். அதனால்தான் அண்ணன் மூக்கை நம்பினாலும் முடிவைச் சவர்க்காரத் தண்ணீரிடம் விடுகிறார்.

கடலோர வேலையில் தீயின் நிறமும் ஏமாற்றும். மஞ்சள் தீ, பாத்திர அடியில் கரி என்றால் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது, அல்லது ஜெட்டைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஆனால் நீலத் தீயில் அங்கங்கே ஆரஞ்சு பொறி தெறித்து, கரி படியவில்லை என்றால் அது உப்புக் காற்றின் வேலை. உப்பிலுள்ள சோடியம் தீயில் ஒளிரும் நிறம் அது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல அடுப்பை மாற்றிக் காசை விட்டவர்கள் இங்கே உண்டு. உப்புக் காற்று செய்யும் உண்மையான சேதம் கிளிப்பிலும் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கிலும்தான். எலிக் கடியைத் தடுக்கப் பின்னல் கம்பி போட்ட குழாய் நல்லது. ஆனால் உள்ளே ரப்பர் வெடித்தால் வெளியே தெரியாது. எதற்கும் ஒரு விலை உண்டு.

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் பூமிக்கடியில் போன எரிவாயுக் குழாய் வெடித்தபோது சிலாங்கூர் முழுக்க கேஸ் என்றாலே நடுங்கினார்கள். அது வேறு வாயு, வேறு வகைக் குழாய். ஆனாலும் அந்த வாரம் அண்ணனின் போன் ஓயவில்லையாம். சில நாளில் பயம் தணிந்தது, போனும் தணிந்தது. அடுத்த மாதமே மானிய கேஸை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவோரைப் பிடிக்க 'ஓப்ஸ் காசாக்' தொடங்கியது. அப்போது 14 கிலோ மானியத் தோம்பு 26 வெள்ளி 60 காசு. மானியமில்லாததோ எழுபது வெள்ளி அளவில். சிறு வியாபாரிகள் கொதித்தார்கள். பிறகு அவர்கள் மானியத் தோம்பைப் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் இறங்கிவந்தது. அந்த நாட்களில் பசார் மாலாமில் எந்தக் கடையில் நின்றாலும் பேச்சு இதுதான்: எத்தனை கிலோ, எந்தத் தோம்பு, எவ்வளவு அபராதம்.

தோம்பின் விலையைப் பற்றி நாடே பேசியது. தோம்புக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள அந்த ஒரு முழக் குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பார்த்த லோரிகளில் சிரிம் முத்திரையுள்ள ரெகுலேட்டர் இருந்தது. அதில் மாட்டியிருந்த குழாயோ வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது. உணவு லோரிக்கு உரிமம் கொடுக்கும்போது கைகழுவும் தொட்டியைப் பார்க்கிறார்கள், தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்கள். அதோடு சிராப் தண்ணீர்ச் சோதனை ஒன்றையும் சேர்த்தால் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். இவரைப் போன்றவர்களுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து அந்த வேலையை ஒப்படைக்கலாம். இப்போது இவருக்குப் பின் இதைக் கற்க ஆளில்லை. மகன் ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான்.

அதுவரை, லோரியோ கேம்பரோ வைத்திருப்பவர்கள், வாடகைக்கு எடுப்பவர்கள், குழாயில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். வெடிப்போ வெளுப்போ இருந்தால் தேதியைக்கூடப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். வண்டி கிளம்புமுன் தோம்பை மூடுங்கள். கசிவு என்று தோன்றினால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், என்ஜினை முடுக்காமல், தோம்பை மூடிவிட்டு எல்லாரையும் இறக்கித் தள்ளி நிறுத்தி, 999-க்கு அழையுங்கள்.