ஊசி முனையில் ஒரு திருப்பள்ளியெழுச்சி

பாட்டுப் பெட்டியைப் பூஜை அறையிலேயே வைப்பது நம் வீடுகளில் பலருக்கும் வழக்கம். சுவாமி பாட்டு சுவாமி முன்புதானே ஒலிக்க வேண்டும் என்னும் எண்ணம் நியாயமானதே. ஆனால் இசைத்தட்டைப் பொறுத்தவரை, வீட்டிலேயே அதற்கு மிகவும் ஆகாத இடம் பூஜை அறைதான். சாம்பிராணிப் புகையின் பிசுக்கு, கற்பூரக் கரி, காற்றில் எழும் விபூதி ஆகிய மூன்றும் தட்டின் நுண்ணிய வரிகளில் படிந்துவிடுகின்றன. விளாங்குடியில் திண்டுக்கல் சாலைப் புழுதியும் சேர்ந்துகொள்கிறது. ஆடி மாதக் காற்றில் காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயரெழுதலாம்.

எங்கள் வீட்டில் திருமதி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதத் தட்டு இருக்கிறது. மதுரையில் 1916-இல் பிறந்து, பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடியவர் அவர். பிரதிவாதி பயங்கரம் அண்ணன் அருளிய சுப்ரபாதம் அவர் குரலில் 1963-இல் எச்.எம்.வி. தட்டாக வெளிவந்தது. எங்களிடம் உள்ளது என் தந்தையார் பின்னாளில் வாங்கியது. உறையின் மூலையில் அவர் கையெழுத்து உண்டு. இன்று கைப்பேசியைத் தொட்டால் அதே சுப்ரபாதம் கேட்கிறது. ஆயினும் தொண்ணூறை நெருங்கும் என் தாயாருக்குத் தட்டு சுழன்றால்தான் பொழுது விடியும். ஆகவே, இந்தத் தட்டு இன்னும் எத்தனை விடியலுக்குத் தாங்கும் என்பது எனக்குச் சிறிய கேள்வி அன்று.

நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் பெரிய தட்டில் ஒரு பக்கத்தின் வரியை நீட்டினால் ஏறக்குறைய 400 மீட்டர் வரும். இரு பக்கமும் சேர்ந்தால், அம்மன் கோயில் ஆடி வீதியை ஒருமுறை வலம் வரும் தூரத்துக்குப் பெரிதும் குறையாது. தட்டு சுழல்வதும் வலமாகத்தான்! அந்த நீண்ட பாதையில் ஊர்ந்து செல்வது தலைமுடியைவிட மெல்லிய வைர முனை. அது தட்டை அழுத்தும் எடை ஒன்றிலிருந்து மூன்று கிராம் என்றாலும், அத்தனையும் ஒரு நுனியில் இறங்குவதால் அழுத்தம் மிக அதிகம். வழியில் மணல் துகளோ சாம்பலோ கிடந்தால், ஊசி அதை வரியின் சுவரில் தேய்த்து அழுத்திவிடும். நாம் கேட்கும் ‘கரகர’ சத்தத்தில் பாதி அழுக்கு, அதைக் கழுவலாம். மீதி காயம், அதற்கு மருந்து இல்லை.

வேட்டி நுனியால் ‘பரபர’வென்று துடைக்கும் பழக்கம் கூடவே கூடாது. உலர்ந்த துணியால் தேய்த்தால் வினைல் தட்டில் மின்னேற்றம் உண்டாகி, போன தூசியைவிட அதிகமான தூசியை இழுத்துக்கொள்ளும். கார்பன் இழைத் தூரிகையைச் சுழலும் தட்டின்மேல் மெல்லத் தொட்டவாறு பிடித்தால் போதும். அது தூசியை எடுப்பதோடு மின்னேற்றத்தையும் குறைக்கும். புகைப் பிசுக்கு மட்டும் நீர் கேட்கும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. உலர்ந்தால் வெள்ளைப் படிவாகிவிடும். ஆதலால் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையே வாங்குகிறேன். அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்து, மெத்தென்ற துணியால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, மறுபடி வெறும் வடிநீரால் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். நடுவிலுள்ள காகித வட்டம் நனையக் கூடாது. ஊசியை விரலால் தொடவே வேண்டாம். சிறு தூரிகையால் பின்புறமிருந்து முன்புறமாக மட்டும் நீவிவிட வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் முனை தாங்கிய மெல்லிய தண்டு வளைந்துவிடும்.

இவ்வளவும் செய்யலாம், பெட்டியைக் கூடத்துக்கு மாற்றத் தாயாரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. “சுவாமியை விட்டுப் பாட்டை வெளியே தள்ளுவதா?” என்றார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவரே வழி சொன்னார்: “பெருமாள் எழுந்த பிறகுதானே தூபம்? பாட்டு முடிந்து பெட்டியை மூடு. அப்புறம் சாம்பிராணி போடுகிறேன். கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.” ஆகமம் படிக்காத அவர் சொன்ன முறை எனக்குப் பிடித்திருந்தது. அன்றுமுதல் சுப்ரபாதம் கூடத்திலிருந்து கதவு வழியே உள்ளே செல்கிறது. தூபம் ஏறும் வேளையில் தட்டு உறைக்குள், அலமாரியில் நிமிர்ந்து நிற்கிறது. படுக்கை வசத்தில் அடுக்கினால் எங்கள் சித்திரை வெயிலில் தட்டு வளைந்துவிடும்.

பழைய 78 சுற்றுத் தட்டுகள் வேறு சாதி. அவை அரக்கினால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். சென்ற மாதம் எதிர் வீட்டுப் பெரியவர் பழைய பேப்பர் கடைக்குப் போடவிருந்த ஒரு கட்டைப் பரணிலிருந்து இறக்கினார். அதில் கே.பி. சுந்தராம்பாள் தட்டு ஒன்று இருந்தது. வடிநீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் இருவருமாகத் துடைத்தோம், கறுப்பு மின்னியது. அதைப் பாட வைக்க 78 சுற்று ஓடும் பெட்டியும் அதற்குரிய பெரிய முனை ஊசியும் வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறோம்.